சுவாமிதாஸ் உடைத்த சுவர்கள்

கழக்கூட்டத்தில் ஒரு ஃபிளாட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த டீச்சரம்மாவைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, அடுத்த ஆள் வந்ததும் அங்கிருந்து கிளம்பி, தம்பானூரில் பஸ் மாறி, ராஜபாய் பாப்பனங்கோட்டிலிருந்த தன் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தாள். கட்டிலை ஒட்டிய சுவரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. அவளுடைய கணவர் சுவாமிதாஸ் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியெல்லாம் சிமெண்ட் பொடி. கையில் வளைந்துபோன ஒரு ஸ்பூன். விரல்நுனிகள் உரிந்து ரத்தம் கசிந்தது.

“என்னத்துக்கு இதச் செய்தீங்க?”

“உள்ள பொள்ளு. சிமெண்டு பிடிக்கவே இல்ல,” என்றார் சுவாமிதாஸ். கோபமாகத்தான் சொன்னார். “எவன் தேச்சான் இத? கைய வச்சு தட்டினா சத்தம் கேக்கல்லியா? ஆளு மேல விழுந்தா யாரு சமாதானம் பறையது?”

அந்தச் சுவரைப் பூசியவர் அவரேதான். ஷிஜா பிறந்த வருஷம், வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக நின்று பூசினார். ராஜபாய் சட்டியில் குழைத்துக் கொடுத்தாள்.

இருவருக்கும் பாறசாலைப் பக்கம் ஊர். சுவாமிதாஸ் பத்தாம் வகுப்பைத் தாண்டாமல் கொத்து வேலைக்குப் போனவர். பிறகு திருவனந்தபுரத்துக்கு வந்து பூச்சு வேலையில் பெயரெடுத்தார். தனக்குக் கீழே நாலைந்து ஆட்களை வைத்துச் சின்னச் சின்ன வீடுகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்யும் அளவுக்கு வந்தார். அதிகம் பேசமாட்டார். குடிக்கமாட்டார். ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனால்கூட நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் சுவரை விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பார். ராஜபாய்க்கு அது வெட்கமாக இருக்கும். பிள்ளைகள் முந்தானையைப் பிடித்து இழுப்பதுபோல அவர் சட்டையை இழுப்பாள்.

ராஜபாய் ஹோம் நர்ஸ் வேலைக்குப் போகத் தொடங்கியது ஷிஜா பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு. ஒரு ஏஜென்சி அவளை வீடு வீடாக அனுப்பியது. பிள்ளைகள் துபாயிலும் லண்டனிலும் இருக்க, இங்கே கிடந்து சாகிறவர்களுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் வேலை. மலம் அள்ளுவாள், புண்ணுக்கு மருந்து வைப்பாள், முடி வெட்டுவாள். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்டிருக்கிறாள். மறதி வந்தவர்களையும் பார்த்திருக்கிறாள். ஆகையால் சுவாமிதாஸ் ஒருநாள் நேமத்திலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் ஒரு ஆட்டோக்காரருடைய தயவில் வந்து இறங்கியபோது, மெடிக்கல் காலேஜ் டாக்டர் சொல்வதற்கு முன்பே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்ததால் என்ன ஆகிவிடப்போகிறது? தெரிந்தது பயத்தை முன்கூட்டியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

வேலையை விட அவளால் முடியவில்லை. வெளியே பூட்டிவிட்டுப் போவாள். பக்கத்து வீட்டுப் பொன்னம்மை மத்தியானம் வந்து திறந்து சோறு போட்டுவிட்டு மறுபடி பூட்டுவாள். இப்படித்தான் ஒரு வருஷம் ஓடியது. சுவரில் கை வைக்கும்வரை.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. காலையில் சாயா குடித்ததும் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டுவார். விரல்முட்டியால் தட்டிக்கொண்டே சுவரோரமாக நடப்பார். காதை வைத்துக் கேட்பார். ஒரு இடம் பிடிபட்டதும் தோண்டத் தொடங்குவார். ஸ்பூனை ஒளித்துவைத்தால் சாவி, சாவியை ஒளித்தால் பெல்ட்டின் கொக்கி, அதுவும் இல்லாவிட்டால் நகம். மழைக்காலத்தில் ஈரமேறிப் பழகிய வீடு அது. பூச்சும் பல இடங்களில் ஏற்கெனவே ஊதிக் கிடந்தது. இழுத்தால் அப்பளம்போலக் கையோடு வந்தது. மத்தியானச் சோற்றுக்கு நிறுத்துவார். சோறு தின்றதும் மறுபடி. சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு, வேலை முடித்த ஆளின் களைப்போடு வந்து உட்காருவார். ராஜபாய் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். அப்போதும் அவரைத் தடுக்க முடியவில்லை. கையைப் பிடித்தால் தள்ளிவிடுவார். அந்தக் கைகளில் மட்டும் பலம் குறையவே இல்லை.

மூன்று அறையிலும் ஹாலிலும் ஆள் உயரத்துக்குச் செங்கல் தெரியத் தொடங்கிய நேரத்தில்தான் ஷிஜாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. ஷிஜா ஒரு ஐ.டி. கம்பெனியின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். பையன் காட்டாக்கடைக்காரன், பெயர் செல்வின். இரண்டு பேரும் பார்த்துப் பேசிப் பிடித்துப்போயிருந்தார்கள். இனி செல்வினின் அம்மாவும் மாமன்மாரும் வீடு பார்க்க வரவேண்டும். அன்றைக்கே நிச்சயமும் செய்துவிடலாம் என்று பேச்சு.

“அம்மா, அவங்க இந்தச் சுவரக் கண்டா என்ன பறைவாங்க?” என்றாள் ஷிஜா. “அப்பாக்கு சுகமில்லன்னு செல்வின்கிட்ட சொல்லியிருக்கேன். இவ்வளவுன்னு சொல்லல்ல. எனக்குப் பேடியா இருக்கு. பயந்து உறக்கமே வரல்ல.”

“நான் ஆளப் பாக்கேன். நீ வேலைக்குப் போ.”

முதலில் வந்த கான்ட்ராக்டர் ஹாலைச் சுற்றிப் பார்த்தான். சுவாமிதாஸ் அவன் கண் முன்னாலேயே ஒரு துண்டைப் பெயர்த்து நீட்டினார். அவன் அதை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை ஆட்களோடு வருகிறேன் என்று சொல்லிப் போனவன்தான். போன் எடுக்கவே இல்லை. இரண்டாவதாக, கரமனையில் ஒரு டைல்ஸ் கடைக்காரர் சொல்லி, ஷாஜி வந்தான். நாற்பது வயதிருக்கும். நல்ல நிதானம். சுவரில் கை வைத்துப் பார்த்து, “சேச்சி, ஒட்டுப்போட்டா நிக்காது. ஈரம் கேறிப்போச்சு. பழைய தேப்பு முழுசும் களைஞ்சு புதுசாப் பூசணும்,” என்றான். பிறகு சுவாமிதாஸைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “வேலை தீரும்வரை இவரை எங்க மாத்துவீங்க?”

“எங்கயும் இல்ல. இங்கதான் இருப்பார்.”

ஷாஜி சம்மதித்தான்.

மறுவாரம் வந்த ஆட்களில் மூத்தவர் கோமதிநாயகம், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். அவரும் அவருடைய தம்பியும் ஹாலில் சுத்தியலை ஓங்கிப் பழைய பூச்சைத் தட்டி இறக்கத் தொடங்கியதும், சுவாமிதாஸ் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். ராஜபாய் அவரைப் பிடிக்க ஓடினாள். அவரோ வாசல்படியில் நின்று, இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. ஒரு நாற்காலியை இழுத்து நடுவே போட்டு உட்கார்ந்தார்.

“மூலைய விட்டுட்டுப் போற. அது எவன் செய்வான்?” என்றார்.

கோமதிநாயகம் திரும்பிப் பார்த்தார். ஷாஜி முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சிரிக்கவில்லை. “இந்தா வாறேன் அண்ணாச்சி. மூலையத்தான் அடுத்து எடுக்கப் போறேன்,” என்றார்.

அந்த நாட்களை ராஜபாய் பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள். வீடு முழுக்கத் தூசி. துணி, பாத்திரம், பைபிள், படுக்கை எல்லாவற்றின் மேலும் வெள்ளை படிந்திருந்தது. அதற்கு நடுவில் அவளுடைய கணவர் தானாகச் சோறு தின்றார். ஆட்களோடு சேர்ந்து சாயா குடித்தார். மூத்திரம் போக வேண்டுமென்றால் எழுந்து சொல்லிவிட்டுப் போனார். கோமதிநாயகம் ஒரு பழைய கொத்துக்கரண்டியைக் கையில் கொடுத்து, பின்பக்கத்து அறையில் ஒரு ஓரத்தைக் காட்டினார். சுவாமிதாஸ் கலவையை வாரி வீசியதைப் பார்த்தபோது, கை தப்பவில்லை என்பதைக் கண்டாள். ஐந்து நிமிஷம்தான். பிறகு கரண்டியைப் பார்த்தபடி நின்றுவிட்டார், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது நினைவிலிருந்து போய்விட்டது. கோமதிநாயகம் வந்து கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். “நீங்க இருங்கண்ணாச்சி, மத்ததப் பயலுவ பாப்பானுவ.”

இரவு படுத்ததும் அசந்து தூங்கினார். ராஜபாயும் தூங்கினாள்.

ஹாலும் இரண்டு அறையும் முடிந்தன. பின்பக்கத்து அறை மட்டும் பாக்கி. புதுப் பூச்சுக்குத் தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வரவில்லை. ராஜபாய் வெகுநாளாகச் சர்ச்சுக்குப் போகவில்லை, அன்றைக்குப் போனாள். அவர் அமைதியாக இருக்கிறார் என்ற தைரியம். ஷிஜா பியூட்டி பார்லரில் இருந்தாள். வீட்டைப் பூட்டிவிட்டு ராஜபாய் போய், ஆராதனை முடிந்ததும் யாரோடும் நின்று பேசாமல் திரும்பினாள்.

தண்ணீர் ட்ரம்முக்குப் பின்னால் ஆட்கள் வைத்துவிட்டுப் போன கரண்டியை அவர் கண்டுபிடித்திருந்தார். ஹாலின் முன்சுவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, கை எட்டிய உயரத்துக்கு இறங்கிக் கிடந்தது. இரண்டு நாள் பூச்சு, இன்னும் ஈரம். தரையெல்லாம் சகதி. அதில் வெறுங்காலோடு நின்று அவர் இன்னும் சுரண்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயம்.

“மதி,” என்றாள் ராஜபாய். “மதி, போதும், விடுங்க.”

அவர் திரும்பவில்லை. “ஆட்கள் வரல்ல. நான் ஒத்தைக்கி எவ்வளவு செய்யது?”

பூச்சை மட்டப்படுத்தும் பலகை ஜன்னல் திண்டில் இருந்தது. அதை அவள் எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கரண்டி பிடித்திருந்த கையில் ஓங்கி அடித்தாள். கரண்டி விழுந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும். எத்தனையோ வீடுகளில், எவ்வளவோ அசிங்கமான வார்த்தைகளைக் கேட்டு, கடிபட்டு, துப்பல் வாங்கி, ஒரு நோயாளிமேல் அவள் விரல் நீட்டியதில்லை. அப்பனை அறைந்த ஒரு மகனுடைய வீட்டில் இனி நிற்கமாட்டேன் என்று பாதி மாதத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்.

சுவாமிதாஸ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். சுவரோடு ஒட்டினார். குரல் மெலிந்து, ஏதோ சின்னப் பையனுடையதுபோல ஆகிவிட்டது.

“அடிக்காதீங்க மேசிரி. நாளைக்கி நேரத்தே வந்துருவேன் மேசிரி.”

பாறசாலையில் வேலை பழகிய காலத்தில், பிந்தி வந்தால் தலைமைக் கொத்தனார் பலகையால் அடிப்பார் என்று அவர் கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லியிருந்தார். சொல்லிச் சிரித்தார் அப்போது. ராஜபாய் பலகையைக் கீழே போட்டாள். பக்கத்தில் போகப் பார்த்தாள்; அவர் இன்னும் ஒடுங்கினார். அவள் சகதியில் அப்படியே உட்கார்ந்தாள். சர்ச்சுக்குக் கட்டிப்போன சேலை அது.

சுண்டுவிரலும் அடுத்த விரலும் வீங்கின. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டபோது, “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்,” என்றாள். அந்தப் பொய் எத்தனை எளிதாக வந்தது என்பது அவளை நடுக்கியது. வேறு வேறு வீட்டுக்காரர்கள் வேறு வேறு டாக்டர்களிடம் அதே வார்த்தையைச் சொன்னபோதெல்லாம், அவள் நோயாளியின் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். கட்டுப்போட்டு அனுப்பினார்.

திங்கட்கிழமை ஷாஜி வந்து முன்சுவரைப் பார்த்தான். திட்டவில்லை. “சேச்சி, நான் ஒண்ணு சொல்லட்டா? பின்னாடி ரூம்ல தேப்பு வேண்டாம். கை எட்டுற உயரம்வரை டைல்ஸ் ஒட்டிருவோம். பாத்ரூம் மாதிரி. எவ்வளவு சுரண்டினாலும் ஒண்ணும் ஆகாது. கழுவவும் சுகம். கதவுக்கு வெளியில ஒரு கொண்டி. வேற ஒரு வீட்லயும் இப்படிச் செய்து கொடுத்திருக்கேன்.”

ராஜபாய் ஷிஜாவைப் பார்த்தாள். ஷிஜா தரையைப் பார்த்தாள்.

“செய்யுங்க,” என்றாள் ராஜபாய்.

கோமதிநாயகம் முன்சுவரை மறுபடி பூசி முடித்தார். டைல்ஸ் ஒட்ட வேறு ஆட்கள். கிளம்புகிற அன்று, உடை மாற்றிக்கொண்டு சுவாமிதாஸிடம் சொல்லிக்கொள்ள வந்தார்.

“நாளைக்கி எங்க வேல?” என்றார் சுவாமிதாஸ்.

“விதுராவுல அண்ணாச்சி. ஒரு லாட்ஜு.”

“நானும் வாறேன். வண்டி எப்ப வரும்?”

கோமதிநாயகம் ராஜபாயைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “காலையில வரும் அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டு அவர் போனார். மறுநாள் விடிந்தபோது சுவாமிதாஸ் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு முன்வாசலில் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார். ராஜபாய் சோறு கொண்டுபோனபோது, “வண்டில இடம் இல்லன்னு விட்டுட்டுப் போயிட்டானுவ,” என்றார். அன்று சாயங்காலம் அவரை டைல்ஸ் ஒட்டிய அறைக்கு மாற்றினார்கள்.

நிச்சயத்தன்று ஹாலில் புதுப் பெயின்ட் வாசனை. செல்வினின் அம்மா நல்ல மாதிரி. சுவரைப் பார்த்து, “வீடு நல்ல வெளிச்சமாட்டு இருக்கு,” என்றார். சர்ச்சிலிருந்து வந்த உபதேசியார் ஜெபம் சொல்லத் தொடங்கினார். அப்போது பின்னாலிருந்து சத்தம் வந்தது. டைல்ஸின் மேல் விரல்முட்டி. ஒன்று தட்டி, நின்று, அடுத்தது. ஜெபம் முடிந்தும் அது நிற்கவில்லை.

“அது என்ன சத்தம்?” என்றார் செல்வினின் அம்மா.

“பக்கத்து வீட்ல வேலை நடக்குது, ஆன்ட்டி,” என்றாள் ஷிஜா. “அப்பா மருந்து குடிச்சிட்டு உறங்குதார்.”

செல்வினுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவன் தலை குனிந்து கையிலிருந்த மோதிரப்பெட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. ராஜபாய் எழுந்தாள். ஒரு அடி பின்பக்கம் வைத்தாள். அடுப்படிக்குள் நுழைந்து, சாயாத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள். கேக் வெட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

அவர்கள் போன பிறகு கொண்டியைத் திறந்தாள். அவர் அறையை ஒரு சுற்றுச் சுற்றி முடித்துக் கதவுக்குப் பக்கத்தில் வந்திருந்தார். முட்டிகள் உரிந்திருந்தன. கட்டுப்போட்ட கையாலும் தட்டியிருக்கிறார். வெள்ளை டைல்ஸில் அவருடைய தோள் உயரத்துக்கு வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள். ராஜபாய் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஒரு தடமும் இல்லாமல் போயிற்று.

அதற்குப் பின்னும் சில நாள் தட்டினார். பிறகு நிறுத்திவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து, மடியில் இரண்டு கைகளையும் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். ராஜபாய் கொண்டி போடுவதை விட்டாள். கதவை அகலத் திறந்து வைத்தாள். அவர் வெளியே வரவில்லை. ஹாலுக்குக் கைப்பிடித்துக் கூட்டிவந்து புதுச் சுவர் முன்னால் நிறுத்தினாள். ஒருநாள் அடுப்படியிலிருந்து ஒரு சோற்றுக் கரண்டியை எடுத்து அவர் கையிலேயே வைத்தாள். “தட்டிப் பாருங்க. இஞ்ச பாருங்க, உள்ள பொள்ளு மாதிரி இருக்கு,” என்றாள். அவர் விரல்கள் மடங்கவில்லை. கரண்டி தரையில் விழுந்தது. சோறு உள்ளே போவது குறைந்தது, பிறகு கஞ்சி, பிறகு ஸ்பூனில் தண்ணீர். இது எங்கே போய் முடியும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்த வழி. கர்க்கிடக மாதத்து மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நெஞ்சில் சளி கட்டி, சுவாமிதாஸ் இறந்தார். கண்ணை அவளே மூடிவிட்டாள். கையைக் கும்பிடுவதுபோல மடக்கிக் கட்டியபோது, தான் அடித்த சுண்டுவிரல் எலும்பு வளைந்தபடியே கூடியிருந்ததைத் தடவினாள்.

கல்யாணம் தள்ளிப்போய், ஆட்கள் குறைவாகச் சேர்ந்து நடந்தது. ஷிஜா காட்டாக்கடைக்குப் போனாள். வருகிற போதெல்லாம், “அம்மா, அந்த டைல்ஸை உடைச்சு எடுத்துரு,” என்பாள். ராஜபாய் சரி என்பாள். செய்யவில்லை. கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. ஏஜென்சிக்குப் போன் செய்து மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

அடுத்த வருஷம் ஒருநாள் ஷாஜி கூப்பிட்டான். பூஜப்புரையில் ஒரு வீட்டில் வயதான அப்பாவுக்கு இதே பிரச்சினை. அந்த வீட்டுப் பெண் டைல்ஸ் ஒட்டிய அறையை நேரில் ஒருமுறை பார்க்க விரும்புகிறாள், கூட்டிவரலாமா என்று கேட்டான். வரச் சொன்னாள். பெண்ணின் பெயர் ராஜஸ்ரீ. ஏதோ பேங்கில் வேலை. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்து, தூங்கிப் பல நாளான முகம். அப்படிப்பட்ட முகம் ராஜபாய்க்குத் தெரியும், தன் கண்ணாடியில் பார்த்ததுதான். அறைக்குள் நின்று டைல்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மலையாளத்தில் கேட்டாள்: இது ஒட்டிய பிறகு அவர் சுவரை உடைக்கவில்லையா?

“இல்ல,” என்றாள் ராஜபாய்.

“சமாதானமா இருந்தாரா?”

“சத்தம் இல்லாம இருந்தார்.” பிறகு, “வேலைக்காரங்க இங்க இருந்த நாள்ல சோறு தின்னார், உறங்கினார். இது ஒட்டின பிறகு தின்னல்ல. அதையும் கேட்டுக்கிடுங்க,” என்றாள்.

ராஜஸ்ரீக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள். போனை எடுத்துச் சுவரை இரண்டு போட்டோ எடுத்தாள். ஷாஜி இடுப்பிலிருந்து அளவு நாடாவை உருவி, “அச்சனுக்கு எவ்வளவு உயரம் எட்டும்?” என்று கேட்டான். அவள் யோசித்து, தன் கையைத் தூக்கி டைல்ஸில் வைத்துக் காட்டினாள்.

ராஜபாய் வேலைக்குப் போகிற பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர்கள் வெளியே வருவதற்காக வாசலில் சாவியோடு நின்றாள். கழக்கூட்டம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.